பத்து வருடம் நிற்கிற மாதிரி ஒரு நல்ல டிஜே மிக்சர்: ஒலித்தரத்தை எப்படிக் கேட்டு முடிவு செய்வது?

இரவுத்தாளம்

வணக்கம் நண்பர்களே. ஏழு வருடமாக ஒரே நடுத்தர மிக்சரில் பாட்டுப் போட்டு வருகிறேன். இப்போது இரண்டாம் சேனல் ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) கரகரக்கிறது. கியூ (அடுத்த பாட்டை முன்கூட்டிக் கேட்பது) கேட்கும்போது ஹெட்ஃபோனில் இடப்பக்கம் அவ்வப்போது அறுந்து போகிறது. சரிசெய்து ஓட்டலாம்தான். ஆனால் இந்த முறை நன்றாகச் சேமித்து, அடுத்த பத்து வருடத்துக்கு வேறு நினைப்பு வராத மாதிரி ஒன்றை வாங்கிவிட ஆசை.

எனக்கு நான்கு சேனல் வேண்டும். வைனல் பாதி, டிஜிட்டல் பாதி என்று போடுவதால் இரண்டு சேனலிலாவது போனோ (டர்ன்டேபிளை நேரடியாக மாட்டும் இன்புட்) நன்றாக இருக்க வேண்டும். இரண்டு பாட்டும் மூன்று நான்கு நிமிடம் சேர்ந்தே ஓடுகிற நீளமான மிக்ஸ்தான் என் வழக்கம். ஸ்கிராட்ச் செய்வதில்லை, அதனால் கிராஸ்ஃபேடர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

குழப்பம் இங்கேதான். ஒரு நண்பர் வீட்டில் ஒரு அனலாக் மிக்சரையும் ஒரு டிஜிட்டல் மிக்சரையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கேட்டேன். அனலாக் பெட்டியில் பேஸ் இறுக்கமாக, பாட்டு முழுக்க அகலமாக விரிந்து கேட்டது. இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். மறுநாள் அதே அறை, அதே பாட்டு. இந்த முறை டிஜிட்டல்தான் தெளிவாகவும் உயிரோடும் இருந்தது! என் காதை நம்புவதா வேண்டாமா? இவ்வளவு பணம் போடும்போது எதைக் கேட்டு முடிவு செய்வது?

கேபிள்காரன்

உங்கள் காதில் கோளாறு இல்லை. முதல் நாளும் மறுநாளும் இரண்டு மிக்சரின் சத்த அளவையும் மீட்டர் வைத்துச் சமன் செய்தீர்களா? செய்யவில்லை என்றால் உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நம் காது சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் குறைவாகவே உணரும். ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். அதனால் சத்தம் ஒரு துளி கூடினாலும் பேஸ் கூடியது போலவும், ஹைஹாட் தெளிந்தது போலவும் இருக்கும். வித்தியாசம் அரை டெசிபல் என்றால் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று யாருக்கும் தோன்றாது, 'தரம் கூடியிருக்கிறது' என்றுதான் தோன்றும். நீங்கள் எழுதியிருக்கும் 'இறுக்கம்', 'அகலம்', 'உயிர்' எல்லாமே அந்த அரை டெசிபல் தரக்கூடியவை.

ஒரே இடத்தில் நாபை வைத்தால் இரண்டு மிக்சரும் ஒரே அளவு கொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான அளவு +4 டிபியு, அதாவது சுமார் 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளுக்கு −10 டிபிவி, சுமார் 0.32 வோல்ட். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 12 டெசிபல் இடைவெளி. ஒரு மிக்சரின் மீட்டரில் பூஜ்யம் என்பது மற்றதில் பூஜ்யம் ஆகாது. போதாததற்கு, சில டிஜிட்டல் மிக்சர்களின் மெனுவில் மாஸ்டர் (மொத்த வெளியீடு) அளவை 6 அல்லது 12 டெசிபல் குறைக்கும் அமைப்பும் ஒளிந்திருக்கும். முன்பு பயன்படுத்தியவர் எதை வைத்துவிட்டுப் போனார் என்று பார்க்காமல் ஒப்பிட்டால் பயனில்லை.

நான் ஒலியமைப்பு வேலையில் இருப்பவன். ஒரு நிகழ்ச்சியில் வாடகைக்கு வந்த மிக்சர் மட்டமாக இருக்கிறது, கிக் எல்லாம் அமுங்கிப் போகிறது என்று டிஜே என்னிடம் சண்டைக்கு வந்தார். நானும் மிக்சரைத்தான் சந்தேகப்பட்டேன், வேறு ஒன்றைக் கொண்டுவந்தும் மாற்றினோம். அதே அமுக்கம்தான். பிறகு பார்த்தால், மாஸ்டரில் சிவப்பு எரிய எரிய அனுப்பிய சிக்னல் ஸ்பீக்கர் பிராசசரில் இருந்த லிமிட்டரை (சத்தம் எல்லை தாண்டாமல் அமுக்கும் பகுதி) மாலை முழுக்க அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மாஸ்டரைக் குறைத்து, பவர் ஆம்பில் அதைக் கூட்டியதும் கிக் திரும்பி வந்தது. அன்றிலிருந்து, யாராவது ஒரு மிக்சரைப் பற்றிக் குறை சொன்னால், அதற்குப் பின்னால் என்ன இணைந்திருந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

வட்டத்தட்டு

கேபிள்காரன் சொல்வது சரிதான், ஆனால் எல்லாவற்றையும் சத்த அளவில் கொண்டுபோய் முடித்துவிட முடியாது தம்பி. நான் இருபது வருடத்துக்கு மேல் வைனல் போடுகிறேன், அதில் பாதிக் காலம் ரோட்டரி மிக்சரில். மூன்று மணி நேரம் போட்டுவிட்டு எழுந்தால் காது களைப்பே இல்லாமல் இருக்கும். அந்த அனுபவத்தை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

1970-களின் போசாக் சிஎம்ஏ-10-2டிஎல், அதன் வழியில் 1980-களின் தொடக்கத்தில் வந்த யூரி 1620 ஆகியவற்றில் ஃபேடரே கிடையாது, பெரிய வட்ட நாப்கள்தான். நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் போன்ற நடன கிளப்புகள் வளர்ந்தது இந்த வகை மிக்சர்களோடுதான். நாபை விரல்களுக்கு நடுவில் பிடித்து மெல்லத் திருப்பும்போது ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் கரைகிற விதமே வேறு. உங்கள் நீளமான மிக்ஸுக்கு ரோட்டரி அப்படியே பொருந்தும். கண்டிப்பாக ஒன்றைத் தொட்டுப் பாருங்கள்.

நான்காம்சேனல்

ரோட்டரி என்றாலே அனலாக் என்று பலரும் நினைக்கிறார்கள், அதை மட்டும் தெளிவுபடுத்துகிறேன். ரேன் எம்பி2015 ரோட்டரிதான், உள்ளே முழுக்க டிஜிட்டல். ஆல்ஃபாதீட்டா 2024-இல் கொண்டுவந்த யூஃபோனியாவும் அப்படியே. உள்ளே டிஜிட்டல் கணக்கு, கடைசியில் ரூபர்ட் நீவ் டிசைன்ஸின் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வெளியே வருகிறது. எதிர்ப்பக்கம் பார்த்தால், ஆலன் அண்ட் ஹீத் எக்ஸோன்:92, எக்ஸோன்:96 இரண்டும் ஃபேடர் வைத்த அனலாக் மிக்சர்கள். நாபின் வடிவத்துக்கும் உள்ளே சிக்னல் போகும் பாதைக்கும் சம்பந்தமே இல்லை.

நான் வாரம் இரண்டு மூன்று இரவு வெளியில் போடுகிறவன். பெரும்பாலும் பயனியர் டிஜேயின் டிஜேஎம் டிஜிட்டல் மிக்சர் வரிசைதான் அங்கே காத்திருக்கும். டிஜேஎம்-900 நெக்சஸ் 2 வந்தது 2016-இல். அப்போதே 96 கிலோஹெர்ட்ஸ், உள்ளே 64 பிட் கலவை. அதற்குப் பிறகு வந்தவை இன்னும் தெளிவு. 'டிஜிட்டல் வறட்சி' என்ற பேச்சு பழைய தலைமுறைப் பெட்டிகளைக் கேட்டவர்களிடமிருந்து வருகிறது என்பது என் எண்ணம். வீட்டில் இருப்பதும் வெளியில் இருப்பதும் ஒரே வகையாக இருந்தால் கை தானாகப் போகும். இருட்டில் அது பெரிய விஷயம். ஒலித்தரம் என்று பேசும்போது, பதற்றத்தில் தப்பான நாபைத் திருப்பிவிட்டால் பாட்டு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேபிள்காரன்

> அந்த அனுபவத்தை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணா, நான் மறுக்கவில்லை. பாரடைஸ் கராஜில் அந்த மிக்சருக்குப் பின்னால் இருந்தது ரிச்சர்ட் லாங் கட்டிய ஒலியமைப்பு. ஸ்பீக்கர், அறை, அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கை எல்லாம் சேர்ந்ததுதான் மக்கள் நினைவில் வைத்திருக்கும் ஒலி. அதில் மிக்சரின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. இன்னொன்று, ரோட்டரி வைத்திருப்பவர்கள் பொதுவாக மெதுவாக மிக்ஸ் செய்கிறார்கள், சிவப்புக்குப் போவதில்லை. களைப்பு வராததற்கு அந்தப் பழக்கமே ஒரு காரணமாக இருக்கலாம்.

சாலிடர்புகை

மிக்சர்களைத் திறந்து பழுது பார்ப்பது என் தொழில். நல்ல தரத்தில் எந்த மிக்சரை எடுத்தாலும் லைன் இன்புட்டிலிருந்து மாஸ்டர் வரை ஈக்யூவை (பேஸ், நடு, ட்ரெபிள் அளவை மாற்றும் நாப்கள்) தொடாமல் ஒரு பாட்டை ஓட்டினால், வித்தியாசம் மிகச் சிறியது. அந்த இடத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வித்தியாசம் உட்கார்ந்திருப்பது வேறு இடங்களில்.

முதலாவது போனோ. நீங்கள் பாதி வைனல் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். எம்எம் (காந்தம் அசையும் வகை) கேட்ரிட்ஜிலிருந்து, அதாவது ஊசியைத் தாங்கும் தலையிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்கி, கூடவே ஆர்ஐஏஏ வளைவையும் திருப்பிப் போட வேண்டும். தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டி வெட்டியிருப்பார்கள். போனோ சர்க்யூட் 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் தூக்கி, 20 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு இறக்க வேண்டும். இதற்கான கெப்பாசிட்டர், ரெசிஸ்டர்களின் மதிப்பு கொஞ்சம் பிசகினாலும் பாட்டின் நிறமே மாறிவிடும், அதுவும் இடது வலது சேனலில் வேறு வேறு மாதிரி. அதோடு, இன்புட்டின் மின்தடை 47 கிலோ ஓம் என்று எல்லோரும் போட்டிருப்பார்கள், ஆனால் இன்புட்டின் கெப்பாசிட்டன்ஸ் மிக்சருக்கு மிக்சர் மாறும். அது டோன்ஆர்ம் கேபிளின் கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து கேட்ரிட்ஜின் காயிலோடு ஒரு மேட்டை ட்ரெபிளில் உண்டாக்கும். ஒரே ஊசி ஒரு மிக்சரில் பளிச்சென்றும் இன்னொன்றில் மந்தமாகவும் கேட்பதற்கு இதுவும் காரணம். போனோவை உங்கள் சொந்த கேட்ரிட்ஜோடு மட்டுமே சோதியுங்கள். அடுத்தவர் ஊசியில் கேட்டது உங்களுக்கு உதவாது.

இரண்டாவது, நாப்கள். அனலாக் மிக்சரில், அதிலும் ரோட்டரியில், ஒரே தண்டில் இடது வலதுக்கு இரண்டு பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பும்போது அளவை மாற்றும் பாகம்) இருக்கும். இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இறங்காது. மோனோவில் ஒரு பாட்டைப் போட்டு நாபை மிக மெதுவாகக் குறையுங்கள். நடுவில் இருக்கும் குரல் ஒரு பக்கமாக நகர்ந்தால் அந்தப் பொட்டென்ஷியோமீட்டர் சுமார். நீளமான மிக்ஸில் அந்தக் கடைசிக் கால் பாகத்தில்தான் உங்கள் கை அதிக நேரம் இருக்கும், அதனால் உங்களுக்கு இது முக்கியம்.

ஃபேடர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலவற்றில் பாட்டே ஃபேடரின் தடத்தின் மேல் ஓடும், தடம் தேய்ந்தால் கரகரப்பு நேராகக் காதில் விழும். உங்கள் இரண்டாம் சேனலில் நடப்பது அதுவாக இருக்கலாம். வேறு சிலவற்றில் ஃபேடர் வெறும் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் மட்டும் கொடுக்கும், சத்தத்தைக் குறைப்பது விசிஏ, அதாவது அந்த மின்னழுத்தத்துக்குக் கட்டுப்படும் ஆம்ப். தேய்மானச் சத்தம் பெரிதாகக் கேட்காது, பதிலுக்கு விசிஏவின் தரத்தை நம்ப வேண்டியிருக்கும். எது என்று வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று ஃபேடர் தனியாகக் கிடைக்கிறதா என்பதையும். பத்து வருடம் என்கிறீர்கள், அதற்குள் ஃபேடர் ஒரு தடவையாவது மாற்ற வேண்டி வரும்.

புதுச்செவி

ஒரு சந்தேகம் அண்ணா. நான் பெரும்பாலும் எம்பி3தான் போடுகிறேன். இவ்வளவு நல்ல மிக்சர் வாங்கினாலும் எம்பி3-யில் வித்தியாசம் தெரியுமா? ஸ்பெக்கில் 32 பிட், 64 பிட் என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, அது எதற்கு?

நான்காம்சேனல்

320 கேபிபிஎஸ்ஸில் ஒழுங்காக உருவாக்கிய எம்பி3 என்றால் மிக்சரின் ஈக்யூ, ஃபேடர் எல்லாமே அதே அளவுக்குத் தெரியும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. வேகத்தை நிறைய மாற்றி, ப்ளேயரில் கீ லாக்கையும் (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் வைப்பது) போட்டால், அங்கே ஒலிக்கு நேரும் சேதம் எந்த நல்ல மிக்சரும் செய்வதைவிடப் பல மடங்கு அதிகம். கீ லாக்கை எடுத்துவிட்டு ஒரு தடவை கேளுங்கள், கிக் எப்படி முன்னால் வருகிறது என்று தெரியும்.

பிட் விஷயம்: மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் நடுவில் 16 பிட்டுக்கே சுமார் 96 டெசிபல் இடைவெளி, 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. ஆட்கள் நிறைந்த அறையில் இதன் அடிமட்டம் யார் காதுக்கும் எட்டாது. 64 பிட் என்பது உள்ளே கூட்டிக் கழிக்கும்போது பிழை சேராமல் இருக்க. நல்லதுதான், ஆனால் அதை வைத்து இரண்டு மிக்சரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சாலிடர்புகை

இதோடு ஒன்று. உள்ளே 64 பிட் இருந்தாலும் நுழைவாயிலில் அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் கன்வர்ட்டருக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. சில டிஜிட்டல் மிக்சர்களில் ட்ரிம் நாப் (சேனலுக்குள் வரும் அளவைச் சரிசெய்வது) அந்தக் கன்வர்ட்டருக்குப் பிறகு வருகிறது. அங்கே ஏற்கெனவே கிளிப் ஆகிவிட்டால் (அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டால்) ட்ரிம்மைக் குறைத்து என்ன பயன்? மீட்டர் பச்சையில் இருக்கும், பாட்டு மட்டும் கிழியும். சத்தமான போனோ ப்ரீஆம்ப் எதையாவது லைனில் கொடுக்கும்போது இது நடக்கும்.

இரவுத்தாளம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நண்பர் இரண்டு மிக்சரையும் ஒரு வார இறுதிக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கு அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இருக்கிறது, மல்டிமீட்டரும் இருக்கிறது. இதை வைத்து ஒழுங்கான சோதனை செய்ய முடியுமா? படிப்படியாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கேபிள்காரன்

தாராளமாக முடியும்.

கணினியில் இரண்டு பாட்டை எடுத்து, தாளம் பொருந்தும்படி அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டு இன்டர்ஃபேஸின் 1, 2 அவுட்புட்டில், இரண்டாவது 3, 4-இல். இவை மிக்சரின் இரண்டு சேனலுக்குப் போகட்டும். ப்ளேயரைக் கையால் ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் நேரம் மாறும், இப்படிச் செய்தால் இரண்டு மிக்சருக்கும் நூலிழை பிசகாமல் ஒரே பொருள் போகும்.

ஈக்யூ எல்லாம் நடுவில், ஃபில்டர் அணைத்து, எஃபெக்ட் அணைத்து வையுங்கள். மெனுவில் லிமிட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். 400 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை அனுப்பி, மாஸ்டர் அவுட்டில் எக்ஸ்எல்ஆரின் 2, 3 முனைகளுக்கு நடுவில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளவெடுங்கள். சாதாரண மீட்டர்கள் மின்சார வாரியத்தின் 50, 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டவை, 400-இல் சரியான எண்ணைக் காட்டாமல் போகலாம். கவலை வேண்டாம், இரண்டு மிக்சருக்கும் ஒரே எண் காட்டினால் போதும். ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள், அது 0.1 டெசிபலுக்கும் கீழே. இடது வலது இரண்டையும் பாருங்கள்.

பிறகு மாஸ்டரை இன்டர்ஃபேஸில் பதிவு செய்யுங்கள். ஹெட்ஃபோன் அவுட்டிலிருந்து தயவுசெய்து முடிவு செய்யாதீர்கள், அது தனி ஆம்ப், தனி சர்க்யூட். பலரும் கடையில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுவிட்டு மிக்சரையே எடைபோட்டுவிடுகிறார்கள்.

மூன்று விதமாகப் பதிவு செய்யுங்கள். ஒரே பாட்டு தனியாக. அப்புறம் இரண்டும் சேர்ந்து, ஒன்றின் லோ நாப் முழுக்க இறக்கியபடி. இதுதான் நீங்கள் தினமும் செய்வது, இதில்தான் மிக்சர் தன் குணத்தைக் காட்டும். கடைசியாக, இரண்டையும் சேர்த்துக் கொஞ்சம் அதிகமாகவே தள்ளி. தொடர்பில்லாத இரண்டு பாட்டு சேரும்போது சராசரியாக 3 டெசிபல் ஏறும், இரண்டு கிக்கும் ஒரே கணத்தில் விழுந்தால் அந்த இடத்தில் 6 வரை. தனித்தனியாக அழகாக இருந்த மிக்சர் அந்த 6 டெசிபலைத் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. போனோவுக்கு உங்கள் டர்ன்டேபிள், உங்கள் ஊசி.

பதிவுகளை ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் கருவி (ஒலிப்பது எந்தப் பதிவு என்று ஊகிக்கச் சொல்வது) வைத்து, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 16 தடவை. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அப்படி அமைய வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு.

வட்டத்தட்டு

செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் பத்து விநாடித் துண்டுகளில் கேட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். ஒவ்வொரு மிக்சரிலும் ஒரு முழு இரவு போட்டுப் பாருங்கள். நாபின் கனம், கியூவில் அடுத்த பாட்டை எவ்வளவு தெளிவாகக் கேட்க முடிகிறது, மீட்டரைப் பார்க்காமல் அளவை உணர முடிகிறதா, இதையெல்லாம் ஏபிஎக்ஸ் சொல்லாது. மிக்சரோடு இருக்கப்போவது நீங்கள், கணினி இல்லை.

கேபிள்காரன்

இதில் அண்ணாவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். முதலில் தெரியாமல் கேட்கும் சோதனை, அதற்குப் பிறகு முழு இரவு. வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். ஒன்றின் மேல் மனம் போய்விட்ட பிறகு சோதனை செய்தால் காது ஒத்துழைக்காது.

இரவுத்தாளம்

முடித்துவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மிக்சர்களின் பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெட்டியைத்தான் சோதித்தேன், அதுவும் பயன்படுத்திய பெட்டி. அதை வைத்து அந்த மாடலையே நல்லது கெட்டது என்று சொல்வது நியாயமில்லை.

முதலில் அந்த இரண்டு நாள் மர்மம். முதல் நாள் நாப்கள் இருந்த நிலையை நண்பர் ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதே நிலையில் வைத்து அளந்தேன். அனலாக் பெட்டி 15 சதவீதம் அதிக வோல்ட் கொடுத்தது, அதாவது 1.2 டெசிபல். மறுநாள் அவர் தம்பி மாஸ்டரைக் குறைத்து வைத்திருந்தாராம், அதனால் டிஜிட்டல் மேலே போயிருக்கிறது. அவ்வளவுதான். எந்தப் பெட்டி ஒரு துளி சத்தமாக இருந்ததோ அதை நான் விரும்பியிருக்கிறேன். இதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பெரிய பாரம் இறங்கியது.

அளவைச் சமன் செய்த பிறகு, ஒரே பாட்டு தனியாக: 16-க்கு 9. அதாவது என்னால் சொல்ல முடியவில்லை. சாலிடர்புகை அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. ஸ்பீக்கரில் கேட்டும் ஹெட்ஃபோனில் கேட்டும் இதே நிலைதான்.

இரண்டு பாட்டும் சேர்ந்து, ஒன்றின் லோ முழுக்க இறங்கியபோது: 16-க்கு 15. இங்கே வித்தியாசம் முகத்தில் அடித்தது. டிஜிட்டல் பெட்டியில் லோவை இறக்கியதும் பேஸோடு சேர்ந்து குரலின் அடிப்பகுதியும் போய்விட்டது, அந்தப் பாட்டு மெலிந்து தள்ளி நின்றது. அனலாக்கில் கிக் மட்டும் போய், மேலே இருக்கும் உடம்பு அப்படியே இருந்தது. ஈக்யூ எந்த இடத்தில் பிரிகிறது, எவ்வளவு செங்குத்தாக வெட்டுகிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இது தரக் குறைவு இல்லை. வேகமாக வெட்டி மாற்றுகிறவருக்கு டிஜிட்டல் பெட்டியின் சுத்தமான வெட்டுதான் பிடிக்கும். என் நீளமான மிக்ஸுக்கு மற்றது பொருந்தியது.

அதிகமாகத் தள்ளியபோது அனலாக் பெட்டி முதல் சிவப்பில் எதுவும் காட்டவில்லை, அதற்கு மேலே போகப் போகக் கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. டிஜிட்டல் பெட்டி ஒரு எல்லை வரை துளியும் மாறவில்லை, எல்லையைத் தாண்டியதும் ஒரேயடியாக வெடித்தது. ஒழுங்காக அளவு வைத்துப் போட்டால் இரண்டுமே அந்த இடத்துக்குப் போகப் போவதில்லை, அதனால் இதற்கு நான் மதிப்பெண் போடவில்லை.

போனோ: 16-க்கு 14. என் ஊசியில் டிஜிட்டல் பெட்டி ட்ரெபிளில் கொஞ்சம் கூர்மை. சத்தம் இல்லாத இடத்தில் இரைச்சலும் கூடுதல். ஊசியைத் தூக்கிவிட்டு ஃபேடரை முழுக்க ஏற்றிக் கேட்டபோதே அது தெரிந்தது.

வட்டத்தட்டு அண்ணா சொன்னபடி வெள்ளி இரவு ஒன்றிலும் சனி இரவு இன்னொன்றிலும் போட்டுப் பார்க்கத்தான் முதலில் திட்டம், கேபிள்காரன் வரிசையை மாற்றாதே என்றதால் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நான்காம்சேனல்

அருமையான வேலை. என் கட்சிக்கு எதிரான முடிவு என்றாலும், காரணம் இவ்வளவு தெளிவாக இருப்பதால் எனக்குச் சந்தோஷமே. ஒரு யோசனை: டிஜிட்டல் பெட்டியில் ஈக்யூ வளைவை மாற்றும் சுவிட்ச் இருந்ததா? சில மாடல்களில் சாதாரண ஈக்யூ, ஐசொலேட்டர் (நாபை இறக்கினால் அந்தப் பகுதியை முழுக்க வெட்டுவது) என்று இரண்டு நிலை இருக்கும். ஐசொலேட்டரில் நின்றிருந்தால் வெட்டு ஆழமாகத்தான் இருக்கும்.

இரவுத்தாளம்

இருந்தது! ஐசொலேட்டரில்தான் நின்றிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. சுவிட்சை மாற்றித் திரும்பப் பதிவு செய்தேன். இந்த முறை 16-க்கு 12. இடைவெளி நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் இன்னும் இருக்கிறது. சரியான நேரத்தில் சொன்னீர்கள், இல்லையென்றால் ஒரு தப்பான காரணத்தோடு வாங்கியிருப்பேன்.

இப்போது மீதி இருப்பது போனோவும் கையும்தான். இரண்டு இரவும் போட்டாகிவிட்டது. அனலாக் பெட்டியில் நாப்களின் கனமும் கியூவின் தெளிவும் எனக்கு ஒத்து வந்தது. அதே மாடலில் புதிதாக ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன்.

சாலிடர்புகை

நல்ல முடிவு. வந்ததும் ஒவ்வொரு சேனலிலும் ஈக்யூ நடுவில் வைத்து, பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுரங்களும் கலந்த சோதனை இரைச்சல்) அனுப்பி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவிடும் மென்பொருளில் நான்கு சேனலின் வளைவையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

இரவுத்தாளம்

பெட்டி நேற்று வந்தது, இன்று காலையே அளந்துவிட்டேன். ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படிகின்றன. மூன்றாம் சேனலில் மட்டும் ஹை நாப் நடுக்குழியில் நிற்கும்போது 10 கிலோஹெர்ட்ஸில் 0.6 டெசிபல் மேலே இருக்கிறது. திருப்பி அனுப்பவா?

சாலிடர்புகை

வேண்டாம். அனலாக் ஈக்யூவில் நடுக்குழி என்பது கைக்கான அடையாளம், மின்சுற்றின் சரியான நடு அதற்குச் சற்றுத் தள்ளி அமைவது சகஜம். நாபை இடப்பக்கம் மயிரிழை நகர்த்தி, வளைவு மற்ற மூன்றோடு படியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே பலகையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டர்ன்டேபிளை அந்தச் சேனலில் மாட்டாமல் ஒன்றிலும் இரண்டிலும் மாட்டுங்கள்.